ஆட்டுக்குட்டி மேரியுடையது... பாட்டு யாருடையது?

உலகமே பாடும் ஒரு ரைம்ஸ். அதற்கு உரிமை கொண்டாடும் இரண்டு ஊர்கள், இரண்டு பெண்கள், நடுவில் புகுந்த ஒரு கார் கோடீஸ்வரர்... ஒன்றரை நூற்றாண்டாக ஓயாத வழக்கின் கதை!

கார் தொழிலையே புரட்டிப்போட்ட ஹென்றி ஃபோர்டு, 1928-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். காரைப் பற்றியதல்ல, கம்பெனியைப் பற்றியதும் அல்ல. ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றியது! ஒரு சிறுமி, அவள் பின்னாலேயே பள்ளிக்கூடம் வரை போன குட்டி, அதைப் பார்த்து ஒரு பையன் எழுதிய பாட்டு. இதெல்லாம் நிஜமாகவே நடந்தது என்று நிலைநாட்டுவதுதான் புத்தகத்தின் வேலை. வெறும் புத்தகத்தோடு அவர் நிற்கவில்லை. அந்தச் சிறுமி படித்ததாகச் சொல்லப்பட்ட பள்ளிக்கூடத்தின் பழைய மரங்களை அதற்கு முன்பே விலைக்கு வாங்கி, இன்னோர் ஊரில் பள்ளிக்கூடமாகவே மறுபடி நிறுத்தியும் விட்டிருந்தார்.

பாட்டு எது என்று ஊகித்திருப்பீர்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் நம் எல்.கே.ஜி. பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டி ஒப்பிக்கும் ‘மேரி ஹாட் எ லிட்டில் லாம்ப்’தான். இங்கிலீஷ் மீடியத்தில் கால் வைத்த எந்தக் குழந்தையும் இந்தப் பாட்டுக்குத் தப்பியதில்லை. ஆனால், எழுதியது யார் என்று கேளுங்கள். டீச்சரே விழிப்பார். கடையில் வாங்கும் ரைம்ஸ் புத்தகத்திலும் பெயர் இருக்காது. ‘அந்தக் காலத்துப் பாட்டு, யாரோ எழுதினது’ என்று நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

யாரோ எழுதியதல்ல. எழுதியவருக்குப் பெயர் உண்டு. பாட்டு முதலில் அச்சான புத்தகத்துக்கு ஆண்டு உண்டு, ஊர் உண்டு, பதிப்பகம் உண்டு. அப்படியிருந்தும் இது வழக்காகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், எதிர்த்தரப்பில் சாட்சி சொன்ன மூதாட்டி பொய் சொல்லக்கூடியவர் அல்ல. அவரிடம் ஆட்டுக்குட்டியும் இருந்தது, அதன் கம்பளியும் இருந்தது!

கறுப்பு உடைப் பெண்மணி

சாரா ஜொசிஃபா பியூல் 1788-ல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நியூபோர்ட் ஊரில் பிறந்தவர். பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறக்காத காலம். டார்ட்மத் கல்லூரியில் படித்த அண்ணன் ஹொரேஷியோ வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்ததுதான் சாராவின் மேல்படிப்பு. கொஞ்ச காலம் உள்ளூரில் வாத்தியார் வேலை பார்த்தார். 1813-ல் டேவிட் ஹேல் என்ற வக்கீலைக் கல்யாணம் செய்துகொண்டார்.

1822-ல் டேவிட் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். இடுப்பிலும் மடியிலுமாக நாலு பிள்ளைகள். ஐந்தாவது, அப்பா இறந்து சில நாள் கழித்துப் பிறந்தது. அன்று போட்ட கறுப்பு உடையை ஹேல் சாகும் வரை மாற்றவில்லை. கணவரின் நண்பர்கள் கைகொடுக்க, முதலில் பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்துப் பார்த்தார். அது சரிப்படவில்லை. 1823-ல் ஒரு கவிதைத் தொகுப்பு, 1827-ல் ‘நார்த்வுட்’ என்ற நாவல் என்று எழுத்துப் பக்கம் திரும்பினார். நாவல் பேசப்பட்டது. 1828-ல் பாஸ்டனில் தொடங்கிய பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராகும் வாய்ப்பு தேடி வந்தது.

அதன்பிறகு அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. 1837 முதல் 1877 வரை, நாற்பது ஆண்டுகள் ‘கோடீஸ் லேடீஸ் புக்’ பத்திரிகையின் ஆசிரியர். 1860 வாக்கில் அது 1,50,000 பிரதிகள் விற்றது. அந்தக் கால அமெரிக்காவில் அது மலைக்க வைக்கும் எண்ணிக்கை. எட்கர் ஆலன் போ அதில் கதை எழுதினார். பெண்களுக்கான வாசர் கல்லூரியின் பெயரில் ஒட்டியிருந்த ‘பெண்’ என்ற அடைமொழியை எடுக்க வைத்தது ஹேல்தான். தேங்க்ஸ்கிவிங் நாளை நாடு முழுவதற்கும் பொது விடுமுறையாக்கச் சொல்லி 1846 முதல் கவர்னர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் சளைக்காமல் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். 1863 செப்டம்பர் 28 அன்று அவர் எழுதிய கடிதம் லிங்கன் கைக்குப் போனது. ஐந்தே நாளில், அக்டோபர் 3-ல் பிரகடனம் வெளியானது.

ஊர் பேர் தெரியாமல் பாட்டுத் திருட வேண்டிய நிலையில் இருந்தவர் அல்ல இவர். இதைச் சொல்லிவிட்டுத்தான் வழக்குக்குள் போக வேண்டும்.

1830: அச்சில் ஏறிய சாட்சி

லோவல் மேசன் என்ற இசைக்காரர் பாஸ்டனில் குழந்தைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். சிறுவர்கள் பாட ஏற்ற பாட்டுகள் எழுதித் தரும்படி ஹேலிடம் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 1830 மே மாதம் வெளியான ‘நம் குழந்தைகளுக்கான கவிதைகள்’ என்ற மெல்லிய நூல். மார்ஷ், கேபன் அண்டு லயன் என்ற பாஸ்டன் பதிப்பகம் போட்டது. மொத்தம் 15 பாட்டுகள். அவற்றில் ஒன்றின் தலைப்பு ‘மேரியின் ஆட்டுக்குட்டி’. நூலின் முகப்பில் ஹேலின் பெயர் இருந்தது. இன்னொரு விவரமும் இருந்தது: நல்லொழுக்கத்தையும் நற்பண்பையும் பிள்ளைகள் மனதில் பதிய வைக்க எழுதப்பட்டவை இவை என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள். இந்த வாசகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே ஆண்டு செப்டம்பர், அக்டோபர் இதழாக வந்த ‘ஜுவனைல் மிசலனி’ என்ற சிறுவர் பத்திரிகையிலும் பாட்டு வெளியானது. அதன் ஆசிரியர் லிடியா மரியா சைல்ட், பின்னாளில் அடிமை முறைக்கு எதிராக எழுதிப் புகழ் பெற்றவர். பாட்டின் கீழே எஸ்.ஜே.எச். என்ற முதலெழுத்துகள் இருந்தன. அடுத்த ஆண்டே மேசன் மெட்டுப் போட்டு, பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துவிட்டார். இன்று நாம் பாடும் மெட்டு அவர் போட்டதல்ல. அது வேறொரு மேடைப் பாட்டிலிருந்து பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆக, 1830-க்குப் பிறகு ஹேல் தரப்புக்கு அச்சான ஆதாரம் இருக்கிறது. 1830-க்கு முன்னால் இந்தப் பாட்டு எங்கேயும் அச்சானதாக எவரும் காட்டியதில்லை. சாதாரண வழக்காக இருந்தால் இங்கேயே தீர்ப்பு எழுதி முடித்திருக்கலாம்.

பெயர் உதிர்ந்த கதை

பாட்டு ஹிட்டாகிவிட்டது. அதுதான் சிக்கலின் தொடக்கம். அந்தக் காலத்தில் ஒரு பத்திரிகையில் வந்ததை இன்னொரு பத்திரிகை எடுத்துப் போடுவது சர்வ சாதாரணம். எழுதியவர் பெயரைப் போடுவதும் போடாததும் அச்சுக்கோப்பவர் மனதைப் பொறுத்தது. இதனால் வெறுத்துப்போய்தான் 1845-ல் கோடீஸ் பத்திரிகை தன் இதழ்களுக்குக் காப்புரிமை பதிய ஆரம்பித்தது. சுயநலம் பிடித்த வேலை என்று மற்ற பத்திரிகைக்காரர்கள் அப்போது திட்டித் தீர்த்தார்கள். தான் ஆசிரியராக இருந்த பத்திரிகைக்குக் கிடைத்த அந்தக் காவல், ஹேலின் ஆட்டுக்குட்டிப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. அது எப்போதோ வேலி தாண்டிப் போயிருந்தது.

பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது ‘மெக்கஃபி ரீடர்’ என்ற பாடப் புத்தக வரிசை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததே அதுதான் என்று சொல்லலாம். மொத்தத்தில் 12 கோடி பிரதிகளாவது விற்றிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 1857-ல் வந்த இரண்டாம் புத்தகத்தில் ஆட்டுக்குட்டிப் பாட்டு இடம் பிடித்தது. ஹேலின் பெயர் இடம் பிடிக்கவில்லை. கோடிக்கணக்கான பிள்ளைகள் பாட்டை மனப்பாடம் செய்தார்கள், எழுதியவர் பெயர் தெரியாமலேயே.

1877 டிசம்பரில் தாமஸ் ஆல்வா எடிசனின் போனோகிராஃப் கருவி தயாரானது. வெள்ளீயத் தாள் சுற்றிய உருளை, கையால் சுற்றும் கைப்பிடி, பேசினால் அதிரும் தகடு. சோதித்துப் பார்க்க ஏதாவது பேச வேண்டுமே! எடிசன் வாயில் வந்தது இந்தப் பாட்டுதான். மனிதக் குரல் ஓர் இயந்திரத்தில் பதிந்து திரும்பக் கேட்ட அந்தப் புகழ்பெற்ற கணத்தில் ஒலித்தவை ஹேலின் வரிகள். அதே டிசம்பரில், 89 வயதில், ஹேல் பத்திரிகை ஆசிரியர் நாற்காலியிலிருந்து விடைபெற்றார். எடிசன் ஒப்பித்தது யாருடைய பாட்டு என்று அன்று கேட்டவர் எவரும் இல்லை.

நம்மூரில் நல்ல தனிப்பாடல் ஒன்று கிடைத்தால் ஔவையார் தலையிலோ காளமேகம் தலையிலோ கட்டிவிடுவோம். பாட்டுக்கு ஒரு பெரிய பெயர் வேண்டும் நமக்கு. இங்கே நடந்தது நேர்மாறு. நாடறிந்த ஒரு பெண்ணின் பெயர் பாட்டிலிருந்து மெல்ல உதிர்ந்து, அந்த இடம் காலியாகக் கிடந்தது. காலியிடம் கிடந்தால் யாராவது வந்து உட்காரத்தானே செய்வார்கள்?

ஸ்டெர்லிங் ஊர் மேரி

வந்தவர் பெயர், பொருத்தமாக, மேரி. 1806-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த மேரி எலிசபெத் சாயர். 1870-களின் பிற்பகுதி. பாஸ்டனில் ‘ஓல்டு சவுத்’ என்ற பழைய பிரார்த்தனைக் கூடத்தை இடிக்காமல் காப்பாற்ற நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். 1773-ல் கடலில் தேயிலையைக் கொட்டக் கிளம்பிய கூட்டம் கூடிய இடம் அது. எழுபது வயதைத் தாண்டிய மேரி ஒரு ஜோடிக் காலுறையைக் கொண்டுவந்து கொடுத்தார். தன் ஆட்டுக்குட்டியின் முதல் கம்பளியில் அம்மா பின்னியது என்றார். காலுறையைப் பிரித்து, சின்னச் சின்ன நூல்துண்டுகளாக அட்டையில் ஒட்டி, கீழே மேரியின் கையெழுத்தோடு அட்டை 10 சென்ட் என்று விற்றார்கள். பறந்துபோயின.

மேரி சொன்ன கதை இது. மார்ச் மாதக் குளிர். தொழுவத்தில் இரட்டைக் குட்டி பிறந்திருந்தது. ஒன்றைத் தாய் ஒதுக்கிவிட்டது. கிட்டத்தட்டச் செத்துக் கிடந்த குட்டியை மேரி வீட்டுக்குள் தூக்கி வந்து, துணியில் சுற்றி, கணப்பருகே மடியில் வைத்து ராத்திரி முழுக்கக் காத்திருந்தாள். காலையில் குட்டி எழுந்து நின்றது. அதன்பிறகு மேரி போகும் இடமெல்லாம் அதுவும். ஒருநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது, ‘இதையும் கூட்டிக்கொண்டு போவோமே’ என்று தூண்டிவிட்டது அண்ணன் நேட். குட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோய், தன் இருக்கைக்கு அடியில் போர்வை போட்டு மறைத்துவைத்தாள் மேரி. பாடம் ஒப்பிக்க டீச்சர் கூப்பிட்டார். மேரி எழுந்து போக, பின்னாலேயே மரத்தரையில் குளம்புச் சத்தம். வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் பாலி கிம்பாலும் சிரித்துவிட்டார். வெட்கத்தில் சிவந்துபோன மேரி, குட்டியை வெளியே கொட்டகையில் விட்டுவிட்டு வந்தாள்.

அன்று பள்ளியைப் பார்க்க வந்திருந்தான் ஜான் ரோல்ஸ்டன் என்ற இளைஞன். ஸ்டெர்லிங் ஊர்ப் பாதிரியார் லெமுவல் கேபனின் உறவுப் பையன். கல்லூரியில் சேருவதற்காகப் பாதிரியாரிடம் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். மறுநாள் குதிரையில் வந்து, ஒரு துண்டுச் சீட்டை மேரி கையில் கொடுத்துவிட்டுப் போனான். அதில் மூன்று கண்ணி, 12 வரி. அதுதான் பாட்டின் முதல் பாதி என்பது மேரியின் வாக்கு. ரோல்ஸ்டன் ஹார்வர்டில் சேர்ந்தான். படிப்பு முடியும் முன்பே 1822-ல் இறந்துபோனான். ஆட்டுக்குட்டி வளர்ந்து, குட்டிகள் ஈன்று, ஒரு தேங்க்ஸ்கிவிங் நாளன்று மாடு முட்டி மேரியின் மடியிலேயே உயிரை விட்டது. எந்த நாளுக்காக ஹேல் காலமெல்லாம் கடிதம் எழுதினாரோ அதே நாள்!

கதையில் ஒரு வெள்ளந்தித்தனம் இருக்கிறது. சொன்னவரும் அப்படிப்பட்டவர்தான். மனநோயாளிகளுக்கான மெக்லீன் மருத்துவமனையில் மேற்பார்வையாளராக நெடுங்காலம் வேலை பார்த்தவர். காசுக்காகவோ புகழுக்காகவோ வரவில்லை, ஒரு பழைய கட்டடத்தைக் காப்பாற்ற வந்தார். 1840-ல் பங்கர் ஹில் நினைவுத்தூண் பாதியில் நின்றபோது, பெண்களைத் திரட்டிச் சந்தை போட்டு 30,000 டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தவர் ஹேல். இருவரும் ஒரே ஊரில், ஒரே மாதிரிக் காரியத்துக்குக் கைகொடுத்தவர்கள். நேரில் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் பிடித்துப்போயிருக்கும்.

ஆனால், பாட்டு விஷயத்தில் ஹேல் விட்டுக்கொடுக்கவில்லை. 24 வரியும் தன்னுடையதே என்றார். 1879 ஏப்ரலில் அவர் கண்ணை மூடிய பிறகு குடும்பத்தார் அந்த வாதத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். மேரி 1889-ல் காலமானார். கட்சிக்காரர்கள் இருவரும் போன பிறகுதான் வழக்கு சூடு பிடித்தது.

கத்தி வைத்த இடம்

மேரி தரப்பு பாட்டைச் சரிபாதியாக வெட்டுகிறது. முதல் 12 வரி பையனுடையது, பின் 12 வரி ஹேல் ஒட்டியது. கத்தி எங்கே விழுகிறது என்று பார்த்தால் சுவாரசியம் புரியும்.

முதல் பாதி முழுக்கச் சம்பவம். குட்டியின் நிறம், பின்தொடரும் குணம், பள்ளி, பிள்ளைகளின் சிரிப்பு, வெளியே துரத்தப்பட்டும் வாசலில் காத்திருப்பது. இரண்டாம் பாதியில் குட்டி மேரியிடம் ஓடி வருகிறது. ஏன் அதற்கு அவள்மேல் இத்தனை பாசம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவள் அதன்மேல் பாசம் வைத்திருக்கிறாள், அதனால்தான் என்கிறார் டீச்சர். பிராணிகளிடம் அன்பாக இரு, அவையும் உன்னிடம் அன்பாக இருக்கும் என்ற நீதியோடு பாட்டு முடிகிறது.

அதாவது, எல்லோருக்கும் பிடித்த கதைப் பகுதி பையனுக்கு. யாரும் ஒப்பிக்காத உபதேசப் பகுதி ஆசிரியையம்மாவுக்கு! பங்கு பிரித்தவர்களின் மனம் இதில் தெரிகிறது. குறும்பும் துள்ளலும் ஓர் இளைஞனிடமிருந்து வந்திருக்கும், நீதி போதனை ஒரு விதவைப் பெண்மணி சேர்த்ததாக இருக்கும் என்று நம்புவது அந்தக் காலத்துக்கு எளிது. இந்தக் காலத்துக்கும்தான்.

ஆனால், பாட்டு அப்படிக் கட்டப்பட்டதல்ல. குட்டி வாசலில் காத்திருப்பது, பிறகு ஓடி வருவதற்காக. பிள்ளைகள் சிரிப்பது, பிறகு ஆச்சரியப்பட்டுக் கேள்வி கேட்பதற்காக. டீச்சர் துரத்துவது, கடைசியில் அவரே பதில் சொல்வதற்காக. முதல் பாதியில் வந்த ஒவ்வொருவருக்கும் இரண்டாம் பாதியில் ஒரு வேலை காத்திருக்கிறது. முன்பகுதியை மட்டும் தனியாக நிறுத்திப் பாருங்கள், முடிவில்லாமல் அந்தரத்தில் தொங்கும். தவிர, நல்லொழுக்கம் போதிக்கவே எழுதியது என்று முகப்பிலேயே அறிவித்த புத்தகம் இது. நீதியில் போய் முடியாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, சீட்டு. ரோல்ஸ்டன் கொடுத்ததாகச் சொன்ன அந்தத் துண்டுச் சீட்டு எங்கும் இல்லை. அவன் கையெழுத்தில் ஒரு பிரதி இல்லை. ஒரு சிற்றூரில் ஒரு சிறுமியிடம் இருந்த சீட்டு, பாஸ்டனில் இருந்த ஆசிரியையின் மேஜைக்கு எப்படிப் போனது என்பதற்கும் வழி காட்டுவார் இல்லை. கம்பளி நூல் இருந்தது உண்மை. அது ஆடு இருந்ததற்கு அத்தாட்சி. பாட்டு யார் எழுதியது என்பதற்குக் கம்பளி என்ன சாட்சி சொல்லும்?

அப்படியானால் மேரி பொய் சொன்னாரா? அவசியமில்லை. தாயில்லாக் குட்டிக்குப் புட்டிப்பால் புகட்டி வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆளை விட்டு நகராது. நியூ இங்கிலாந்துப் பண்ணைகளில் ஆட்டுக்குட்டிக்கும் பஞ்சமில்லை, மேரி என்ற பெயருக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்குள் ஒரு குட்டி நுழைந்திருக்கும், ஒரு பையன் கேலியாக நாலு வரி கிறுக்கியும் கொடுத்திருப்பான். பிறகு அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டில் ஊரெல்லாம் ஒரு பாட்டு. ‘மேரி, உன் கதைதானே இது?’ என்று பார்ப்பவர்களெல்லாம் கேட்டிருப்பார்கள். சீட்டில் இருந்த வரிகள் மறந்துபோய், அந்த இடத்தில் புத்தகத்தில் இருந்த வரிகள் வந்து உட்கார்ந்திருக்கும். இதற்குப் பொய் என்று பெயரில்லை. ஞாபகம் வேலை செய்யும் விதமே அதுதான்.

இன்னொரு மேரியும் உண்டு!

*இந்தப் பாட்டின் மேரி நான்தான் என்று அட்லாண்டிக் கடலுக்கு அந்தப்புறம் இன்னொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார். வேல்ஸில் லாங்கொல்லன் பக்கத்துப் பண்ணையில் பிறந்து, இங்கிலாந்தின் வொர்த்திங் நகரில் வாழ்ந்து 1931-ல் மறைந்த மேரி ஹியூஸ். அவருக்கும் ஓர் ஆட்டுக்குட்டி, அதுவும் பள்ளிக்குப் பின்தொடர்ந்தது, அதைப் பார்த்தும் ஒருவர் பாட்டு எழுதினார் என்பது கதை. ஒரே ஒரு இடறல்: இந்த மேரி பிறந்தது 1842-ல். பாட்டு அச்சாகி 12 ஆண்டு கழித்து! ஆனாலும் நம்பியவர்கள் நிறையப் பேர். ஒரு பாட்டு ஊறிப்போய்விட்டால், அதற்கேற்ற கதாநாயகிகள் எங்கெங்கும் முளைப்பார்கள்.*

ஃபோர்டு வந்தார்

1920-களில் ஹென்றி ஃபோர்டு உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். பழைய அமெரிக்காவைத் தன் கார்களே மாற்றிவிட்ட நிலையில், அந்தப் பழைய அமெரிக்காவைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கிச் சேர்க்கும் மோகம் அவருக்கு வந்துவிட்டது. மெக்கஃபி ரீடர் படித்து வளர்ந்தவர். அந்தப் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார், 1857 பதிப்பைத் தன் செலவில் மறு அச்சுப் போட்டார், பின்னாளில் அவற்றைத் தொகுத்த மெக்கஃபி பிறந்த மரவீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து தன் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் அருங்காட்சியகத்தில் வைத்தார். எடிசன் அவருக்குக் குருநாதர் மாதிரி. ஆக, ஹேலின் பெயரை விட்டுவிட்ட பாடப் புத்தகம் ஒரு பக்கம், அந்தப் பாட்டை இயந்திரத்தில் முதலில் பேசிய மனிதர் இன்னொரு பக்கம். ஃபோர்டுக்கு ஆட்டுக்குட்டி மேல் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

1923-ல் மாசசூசெட்ஸின் சட்பரி ஊரில் ‘வேசைடு இன்’ என்ற பழம்பெரும் சத்திரத்தை வாங்கினார். கவிஞர் லாங்ஃபெல்லோ பாடியதால் பெயர் பெற்ற சத்திரம். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது ஸ்டெர்லிங் மேரியின் கதை காதில் விழுந்தது. ‘ரெட்ஸ்டோன்’ என்ற அந்தச் சின்னப் பள்ளிக்கூடம் எப்போதோ மூடப்பட்டு, அதன் மரங்கள் கொட்டகையாகிக் கிடந்தன. ஃபோர்டு அவற்றை வாங்கி, சட்பரிக்குக் கொண்டுபோய், சத்திரத்தை ஒட்டிப் பள்ளியாக நிறுத்தினார். 1927 தொடக்கத்தில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். 1951 வரை நிஜப் பள்ளியாகவே நடந்தது.

கூடவே, தன் கைவசமிருந்த ‘டியர்பர்ன் இண்டிபெண்டண்ட்’ பத்திரிகையில் மேரி சாயரின் தரப்பை எடுத்து எழுத வைத்தார். 1928 புத்தகம் அதன் தொடர்ச்சி. முதல் பாதி ரோல்ஸ்டன், மறு பாதி ஹேல் என்று சமரசத் தீர்ப்பு சொன்னார் ஃபோர்டு. அந்தப் பத்திரிகையின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். யூதர்கள்மேல் ஆண்டுக்கணக்கில் பழி சுமத்தி எழுதி, நீதிமன்றம் வரை இழுபட்டு, அதே 1927-ல் ஃபோர்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்த பத்திரிகை அது. ஆண்டு முடிவில் மூடியே விட்டார்கள்.

ஹேலின் சொந்த ஊரான நியூபோர்ட் கொதித்தது. ஹேலின் வழிவந்தவர்களும் அவர் பக்கம் நின்றவர்களும் 1830 புத்தகத்தை எடுத்துக் காட்டினார்கள். ஆனால், ஒரு பக்கம் நூலகத்தில் தூசி படிந்த ஒரு மெல்லிய புத்தகம். இன்னொரு பக்கம் சிவப்பு நிறத்தில் பளிச்சென்று நிற்கும் பள்ளிக்கூடம், உள்ளே பிள்ளைகள், வாசலில் கார்களில் வந்திறங்கும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறவர் எதைப் பார்க்கப் போவார்?

ஃபோர்டு பாட்டுக்குச் சாட்சி தேடவில்லை, ஒரு கட்டடத்தை எழுப்பினார். பார்க்க வந்தவர்கள் கட்டடத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். பள்ளி இருக்கிறது, எனவே மேரி இருந்தாள். மேரி இருந்தாள், எனவே அவள் சொன்னது முழுவதும் உண்மை. இந்தத் தாவலில்தான் ஹேல் பாதிப் பாட்டை இழந்தார்.

இரண்டு ஊர், இரண்டு கொண்டாட்டம்

இன்றைக்கும் இரண்டு ஊரும் தங்கள் பிடியை விடவில்லை. ஸ்டெர்லிங் ஊரின் நடுவே ஆட்டுக்குட்டிக்குச் சிலை நிற்கிறது. மேரி பிறந்த வீடு நெடுங்காலம் நின்று, 2007-ல் யாரோ வைத்த தீயில் எரிந்துபோனது. நியூபோர்ட் நூலகம் 1956 முதல் ஹேல் பெயரில் எழுத்தாளர்களுக்கு விருது கொடுக்கிறது. முதல் விருது கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டுக்கு. சட்பரியில் ஃபோர்டு நிறுத்திய பள்ளியைப் பார்க்க இப்போதும் ஆட்கள் வருகிறார்கள்.

ஆராய்ச்சியாளர்கள் பக்கம் இத்தனை குழப்பம் இல்லை. ஆங்கில மழலைப் பாடல்களைச் சல்லடை போட்டுச் சலித்த ஐயோனா, பீட்டர் ஓப்பி தம்பதி, 1951-ல் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு மழலைப் பாடல் அகராதியில் பாட்டை ஹேல் பெயரிலேயே பதிந்தார்கள். ஆனாலும் சுற்றுலாக் கையேடுகளிலும் பொது அறிவுப் புத்தகங்களிலும் ‘முதல் பாதி ரோல்ஸ்டன் எழுதியதாகவும் சொல்வார்கள்’ என்ற வால் ஒட்டிக்கொண்டேதான் வருகிறது.

ஏன் இந்த வால் உதிர்வதில்லை? ‘உண்மைச் சம்பவம்’ என்ற இரண்டு சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சிதான் காரணம். சினிமா போஸ்டரில் அதைப் பார்த்தாலே நமக்கு ஒரு கூடுதல் ஈர்ப்பு வருகிறதில்லையா? ஒரு பெண் மேஜை முன் உட்கார்ந்து, ஐந்து பிள்ளைகளைக் காப்பாற்றும் கவலைக்கு நடுவில், யோசித்து எழுதினாள் என்பதில் கதை இல்லை. குதிரையில் வந்த இளைஞன், அற்பாயுளில் சாவு, மடியில் உயிர்விட்ட ஆடு, கம்பளிக் காலுறை... இதில் கதை இருக்கிறது. எழுத்து என்பது உழைப்பு என்று ஒப்புக்கொள்வதைவிட, அது எங்கோ நடந்ததைப் பார்த்து எழுதியது என்று நம்புவது எளிதாக இருக்கிறது. குழந்தைப் பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். அது தானாக முளைத்தது, ஊர்ப் பொதுச் சொத்து என்று நினைக்கிறோம்.

இது ஹேலுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வானத்து நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை பாடும் அந்த இன்னொரு பாட்டு, 1806-ல் லண்டனில் அச்சான ஒரு நூலில் ஜேன் டெய்லர் என்ற இளம்பெண் எழுதியது. அங்கே சண்டை போட எவரும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஜேன் டெய்லர் பெயரும் எந்த ரைம்ஸ் புத்தகத்திலும் இல்லை.

ஆடு மேரி சாயருடையதாக இருந்திருக்கலாம். அவர் ஊர் அதற்குச் சிலை வைப்பதில் தப்பில்லை. ரோல்ஸ்டன் என்ற இளைஞன் ஏதோ ஒரு சீட்டில் ஏதோ சில வரிகள் எழுதியிருக்கலாம். அவன் ஆயுள் நீண்டிருந்தால் என்னவெல்லாம் எழுதியிருப்பானோ! ஆனால், கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்துப் பேசினால், நம் பிள்ளைகள் பாடும் பாட்டு, முதல் வரியிலிருந்து கடைசி நீதி வரை, சாரா ஜொசிஃபா ஹேல் எழுதியது. அவரிடமிருந்து அதைப் பறித்தது மேரியின் ஞாபகம் அல்ல, ஃபோர்டின் பணமும் அல்ல. அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, பெயரைப் போடாமல் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்ட பாடப் புத்தகக்காரர்கள் அந்தக் காரியத்தைச் செய்து முடித்திருந்தார்கள்.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பள்ளிகளும் பதிப்பகங்களும் ஆண்டுதோறும் பளபள காகிதத்தில் ரைம்ஸ் புத்தகம் போடுகின்றன. படம் வரைந்தவர் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது. ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதியவர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கினால் பக்கம் கூடிவிடாது. அந்த ஒரு வரி 1857-ல் இருந்திருந்தால், இந்த வழக்கே வந்திருக்காது.